புள்ளி

விதுர்ஷன்,
செவ்வாய்க்கிழமை எங்கே போனாய் என்று கேட்டாய்.
பல்லுக் கொதி என்றேன்.
பொய்.

மருதானைக்கு ஒரு ஹோல்ட் முன்பே இறங்கி
மிச்சத் தூரத்தை நடந்தேன்.
தலையில் உன்னுடைய கறுப்பு ஹெல்மெட்.
மோட்டார் சைக்கிள் இல்லாத ஒருவன்
கண்ணாடியையும் இழுத்து மூடிக்கொண்டு
நடைபாதையில் போவதை
அன்னாசிக்கு மிளகாய்த்தூள் தூவிக்கொண்டிருந்தவர்
ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான்.

வாசலில் பலகை. மூன்று மொழி.
சிங்களம் சரி. ஆங்கிலம் சரி.
தமிழில் மட்டும் புள்ளி விழுந்து
‘இரததம்’ என்று கிடந்தது.
உனக்குத் தெரியும்,
ஆறு வருடமாய் ஆட்டுப்பட்டித்தெருவில்
கலியாண அட்டைக்கு எழுத்துக் கோர்ப்பவன் நான்.
ஒரு புள்ளி தவறினால்
ஆயிரம் அட்டை குப்பைக்கு,
காசு என் சம்பளத்தில்.
அந்தப் பலகைக்கு முன்னால்
வந்த பயம் மறந்துபோய்ப்
பேனையைத் தேடினேன். இல்லை.
கேட்டு வாங்கத்தான் உள்ளே போனேன்.
வேறு வீரம் ஒன்றும் இல்லை.

பெயருக்குப் பதில் ஓர் இலக்கம் தந்தார்கள்.
கதவைச் சாத்திவிட்டு
எப்போது என்று கேட்டார்கள்,
பாதுகாப்பாகவா என்று கேட்டார்கள்.
ஏன் என்று கேட்கவில்லை.
அந்த ஒரு கேள்விக்குத்தான்
வழிநெடுக நான் பதில் தயார் செய்திருந்தேன்.

வாங்கில் பக்கத்தில் ஓர் அக்கா,
மடியில் மகளின் வெள்ளைச் சப்பாத்து.
மாத்திரை எடுக்க வந்தவ.
“ஹெல்மெட்டைக் கழட்டுங்கோ தம்பி, அவியும்” என்றா.
கழற்றினேன்.
பள்ளிக்கூடம் விட்டுவிடும் என்று
மணியைப் பார்த்துப் பார்த்து இருந்தா.
இப்படியானவர்கள்
சாவைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள் என்றல்லவா
நீயும் நானும் நினைத்திருந்தோம்.

நான் கோர்த்த சோடிப் பெயர்கள்
சில ஆயிரம் இருக்கும்.
ஏழில் யார், எட்டில் யார்,
செவ்வாய் எங்கே என்று
வானம் முழுக்கச் சோதித்த வீடுகள்.
இரத்தத்தை ஒரு வீடும் கேட்டதில்லை.

தாதி இடது கையை நீட்டச் சொன்னா.
இறப்பர் பட்டி. ஒரு குத்து.
நுளம்புக்கு நீ போடும் சத்தம்
இதைவிடப் பெரிது.
பஞ்சை எடுத்தால்
முழங்கை மடிப்பில் சிவப்பாய் ஒரு புள்ளி.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எழுத்திலும் மெய்,
உடம்பும் மெய்,
உண்மையும் மெய்.
புள்ளி வைக்காமல் எது மெய்யாகும்?

பெறுபேறு என்ன என்று கேட்பாய்.
சாதாரண தரப் பெறுபேற்றையே
உனக்குச் சொல்லாதவன் நான்.
மூன்று மாதம் விட்டு
இன்னொருதரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.
எது வந்தாலும்
எட்டரைக்கு வேலைக்கு வருவேன்,
பிளேன்டீக்கு நீதான் காசு கொடுப்பாய்.

வெசாக் விடுமுறையில்
வெள்ளவத்தை அறையில் நடந்ததை
நீ எனக்குச் சொன்னாய்.
என்னுடையதை நான் சொல்லவில்லை.
இப்போது சொல்லியாயிற்று.

காய்ச்சலா, மெலிந்தேனா,
நல்லாத்தானே இருக்கிறேன் என்பாய்.
சரிபார்க்காத அட்டையும்
தங்க மையில் நல்லாத்தான் இருக்கும்,
யாராவது எழுத்தெழுத்தாய் வாசிக்கும்வரை.

வருகிற செவ்வாய் போவோம்.
செவ்வாயில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது
என்பா உன் அம்மா.
அதுதான் சனம் குறைவு.

ஹெல்மெட் உன்னுடையதுதானே,
வாசல்வரை போட்டுக்கொண்டு வா.
பேனை நான் கொண்டுவருகிறேன்.